இரண்டாம் பாதியை முதலில் பார்த்தவர்கள்

எங்கள் சபைக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் சினிமா போடுவது நான்தான். பாஸ்டர் இல்லை, கமிட்டி இல்லை, நான். புரொஜெக்டர் என்னுடையது. திரை என்பது என் சலவைக்கடையில் யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன பெரிய கட்டில் விரிப்பு. அதற்குக் கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் தேய்த்து, ஸ்டூல் போட்டு ஏறி நானே மாட்டுவேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். தெரியாதவர்கள் மாட்டினால் கதாநாயகன் முகம் கோணிக்கொள்ளும். அந்தக் கோணலுக்கும் ஓர் ஆன்மிக அர்த்தம் சொல்ல எங்களுக்குள் ஆள் இருக்கிறது.

சபையில் சினிமாவா என்று நீங்கள் வாயைப் பிளக்கலாம். கமிட்டியில் எல்லோரும் பிளந்தார்கள். பாஸ்டர் விடவில்லை. இளவயதுக்காரர், சண்டைக்காட்சி என்றால் உயிர். "ஜனங்க மனசு விட்டு அழறது, சிரிக்கிறது எல்லாம் தியேட்டர்லதான். கடவுள் மட்டும் டிக்கெட் கிடைக்காம வெளியில நிப்பாரா?" என்று கேட்டார். கமிட்டிக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? நிபந்தனை போட்டார்கள். ஆட்டம் பாட்டு எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அதனால் பாட்டையெல்லாம் வெட்டுவதும் என் தலையில் விழுந்தது. இந்தக் காலத்துப் படங்களில் பெயர் போடும்போதும் ஆடுகிறார்கள், முடிந்து பெயர் ஓடும்போதும் ஆடுகிறார்கள். முன்னாலும் பின்னாலும் வெட்டி எறிந்துவிடுவேன். எங்கள் கூடத்தில் படம் திடுதிப்பென்று ஆரம்பித்துத் திடுதிப்பென்று முடியும். எங்களுக்குப் பழகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு சனிக்கிழமை இடைவேளை வரைதான் போடுவோம். மிச்சம் அடுத்த சனிக்கிழமை. நடுவில் ஒரு வாரம் பூராவும் வில்லன் ஜெயித்தது ஜெயித்தபடியே இருக்க, நாம் கடை திறக்க வேண்டும், சோறு சாப்பிட வேண்டும், ஜெபம் பண்ண வேண்டும். "நாம எல்லாருமே இடைவேளையிலதானே வாழறோம்" என்பார் பாஸ்டர். அதிலிருந்து அவருக்கு 'இடைவேளை பாஸ்டர்' என்று பெயர். அவருக்குத் தெரியும், சிரித்துக்கொள்வார். படம் யாரும் பார்க்காததாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. பார்த்தவர்களால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாஸ்டர் என் கடைக்கு வந்தார். நான் ஒரு கோட்டின் கழுத்துப்பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் துணி கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"என்ன பாஸ்டர், சொல்ல வந்ததைச் சொல்லுங்க. சட்டை எல்லாம் கலையுது."

"அக்கா, சனிக்கிழமை படத்துக்குப் புதுசா ஒருத்தர் வரணும்னு கேக்கறாரு."

"வரட்டுமே. நாற்காலிக்கா பஞ்சம்?"

"உங்க கொழுந்தனார்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். இல்லாவிட்டால் அந்தக் கோட்டுக்காரருக்கு நான் புதுக் கோட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

என் வீட்டுக்காரரின் தம்பி அவன். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்புறம் எங்கள் கடை வண்டியை ஓட்டினான், குடிக்கவும் பழகினான். ஒருநாள் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவன், குடித்துவிட்டு வண்டியைப் பாலத்துச் சுவரில் மோதினான். மோதியதைக்கூட விடுங்கள். குழந்தையின் கால் சீட்டுக்கடியில் நசுங்கிக் கிடக்க, அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனான். வழியில் வந்த பால் வண்டிக்காரர் பார்த்துத் தூக்கி வந்ததால் மகள் எனக்குக் கிடைத்தாள். ஓடியவனைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்தவன் எங்கெங்கோ திரிந்தான். என் வீட்டுக்காரர் தம்பியின் பெயரை வாயில் எடுக்காமலே கண்ணை மூடினார். இப்போது இங்கேயே பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறான் என்று காதில் விழுந்திருந்தது. விழுந்த காதை நான் பொத்திக்கொண்டிருந்தேன்.

"ஆராதனைக்கு வரப் பயமாம். படம்னா இருட்டா இருக்கும், ஓரமா உட்கார்ந்துட்டுப் போயிடலாம்னு நினைக்கிறாரு" என்றார் பாஸ்டர். "இன்னொண்ணு அக்கா. டிப்போவுல அவரை வேற ஊருக்கு மாத்தறாங்க. இங்கயே இருக்கணும்னா இந்த மாசம் முடியறதுக்குள்ள சொல்லணுமாம். நீங்க வேண்டாம்னா போயிடறேன், திரும்பி வர மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"போகட்டும்."

"அக்கா..."

"அவன் அந்த வாசல்ல கால் வச்சா, நான் புரொஜெக்டரைத் தூக்கிட்டு வெளியே போயிடுவேன். திரையையும்தான். அப்புறம் நீங்க வெறும் சுவரைப் பார்த்துத் தியானம் பண்ணுங்க."

"உங்க சம்மதம் இல்லாம கூட்டிட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாதாடியிருந்தால்கூட ஒரு பிடி பிடித்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

அந்தக் கோபத்தோடு உட்கார்ந்துதான் அந்த வாரப் படத்தை வெட்டினேன். பழைய படம். அதில் நடித்த கதாநாயகனின் ரசிகர்களே அப்படி ஒன்று வந்ததை மறந்துவிட்டார்கள். இரண்டு வீடியோ தட்டாக வந்திருந்தது. மேலே மையால் எழுதியிருந்த எண் அழிந்து போயிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு, விறுவிறுவென்று ஓடவிட்டு, வழக்கம்போல் தலையையும் வாலையும் ஆடுகிற இடத்தையும் வெட்டினேன். கண் திரையில் இருந்ததே தவிர மனசு பாலத்துச் சுவரில் இருந்தது.

சனிக்கிழமை படம் போட்டேன். தாடி நரைத்த ஒரு மனிதன். கைவிடப்பட்ட கிழவர்களை வைத்துப் பார்க்கிற விடுதியில் தரை துடைக்கிறான், படுக்கை மாற்றுகிறான். விடுதியைக் காலி பண்ணச் சொல்லி ரவுடிகள் வந்து அவனைப் போட்டு அடிக்கிறார்கள். அவன் கை ஓங்கவே இல்லை. நம் கதாநாயகர்கள் இப்படி அடிவாங்கி எங்கே பார்த்திருக்கிறோம்? பாஸ்டரே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், இதோ திருப்பி அடிப்பான், இதோ அடிப்பான் என்று. அடிக்கவில்லை. ரத்தம் துடைத்துவிடுகிற கிழவியிடம், "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்று மட்டும் சொல்கிறான். கடைசியில் எங்கோ தூரத்தில் ஒரு வீட்டு வாசலுக்குப் போய்க் கொட்டுகிற மழையில் நிற்கிறான். உள்ளே ஒரு பெண். ஜன்னல் வழியாக அவனைப் பார்க்கிறாள். கதவுக்கு வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திரை இருண்டது.

விளக்கைப் போட்டால் எல்லோர் முகமும் நனைந்திருந்தது. என் முகம்தான் அதிகம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தோம்.

முதலில் வாயைத் திறந்தவர் வக்கீல். நிஜ வக்கீல் இல்லை, ஓய்வு பெற்ற தபால்காரர். எதையும் விடாமல் வாதாடுவதால் வந்த பெயர். "இடைவேளைன்னு எழுத்துப் போடலையே?" என்றார்.

"சில படத்துல போட மாட்டாங்க" என்றார் பாஸ்டர்.

"சரி. 'நான் யாருன்னு தெரியாது'ன்னான் பாருங்க, அதைக் கவனிச்சீங்களா? கடவுள் தன்னை மறைச்சுக்கிட்டு மனுஷனுக்கு நடுவுல இருக்கறதைத்தான் டைரக்டர் சொல்றாரு." அடேங்கப்பா, அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. அந்த மனிதனுக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, முன்கதை இல்லை, ஆகவே அவன் பாவமே அறியாதவன் என்று நிரூபித்தார். மளிகைக்கடை அக்கா, "அவன் தரை துடைக்கும்போது எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு" என்றாள். பாஸ்டர், தரை துடைப்பதைப் பற்றியே ஒரு பிரசங்கம் பண்ணினார். நன்றாகத்தான் இருந்தது.

"அந்தப் பொம்பளை கதவைத் திறப்பாளா?" என்று வழக்கம்போல் கடைசிக் கேள்வி கேட்டார். அடுத்த வாரம் வரை நாங்கள் சுமக்க வேண்டிய கேள்வி.

"திறக்காம?" என்றேன் நான். "மழையில ஒரு நல்ல மனுஷன் நிக்கறான். தாழ்ப்பாளை இழுக்க இவளுக்கு என்ன கேடு? திறக்கலைன்னா அவ மனுஷியே இல்ல. நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வரைபடம் வரைகிற ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் அவள். எதையும் அளந்து பார்க்கிற கண்.

அடுத்த சனிக்கிழமை மறுதட்டைப் போட்டேன். தாடியைக் காணோம். கருகருவென்று மீசை, கையில் லாரிச் சாவி, வாயில் சிகரெட். அதே ஆள்தான், வயது மட்டும் குறைந்திருந்தது.

"ஃபிளாஷ்பேக்" என்றார் வக்கீல், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் படங்களில் இரண்டாம் பாதியில் ஃபிளாஷ்பேக் வராவிட்டால்தான் சந்தேகம் வர வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தோம். மீசைக்காரன் குடிக்கிறான். அடிதடி பண்ணுகிறான், கூட இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். குடித்துவிட்டு லாரியை எடுக்கிறான். சைக்கிளில் வருகிற ஒருவன் மேல் ஏற்றுகிறான். இறங்கி வந்து பார்க்கிறான். கீழே கிடப்பவன் கையைத் தூக்குகிறான், வா என்பதுபோல. மீசைக்காரன் இரண்டு பக்கமும் பார்க்கிறான். திரும்பி லாரியில் ஏறி ஓட்டிப்போய்விடுகிறான். தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். போன வாரம் தாழ்ப்பாளில் கை வைத்தவள். கிடப்பவன் அவள் புருஷன்.

திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் வந்தது: இடைவேளை.

விளக்கைப் போட்டேன். மளிகைக்கடை அக்கா, "கிழிஞ்சது போ" என்றாள்.

"அப்படின்னா..." என்று எழுந்தார் வக்கீல். "அப்படின்னா போன வாரம் நாம பார்த்ததுதான் ரெண்டாம் பாதி. படம் போன வாரமே முடிஞ்சு போச்சு!" கடவுளே மறைந்து வந்திருக்கிறார் என்று நிரூபித்தவர் அவர். இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  ஒரு வாரமாக அந்தத் தாடிக்காரனுக்காக நான் மனசுக்குள் அழுதிருக்கிறேன். துணி மடிக்கும்போதெல்லாம், பாவம், மழையில் நிற்கிறானே என்று நினைத்திருக்கிறேன். ஓடிப்போனவனுக்காக அழுதிருக்கிறேன் நான்!

"பாஸ்டர், நீங்க வேணும்னே பண்ணீங்களா?" என்று கத்தினேன். "எனக்குப் பாடம் நடத்தறீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. படம் போட்டது நீங்க."

நான்தான். எண் அழிந்த தட்டுகளை மாற்றிப் போட்டவள் நானே இருக்க, யார்மேல் பாய்வது?

"தெரிஞ்சிருந்தா அந்தப் படுபாவிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்க மாட்டேன்" என்றாள் மளிகைக்கடை அக்கா.

"அப்போ போன வாரம் நாம பேசினதெல்லாம் தப்பா?" என்று கேட்டார் வக்கீல். அவர் சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. "ஆள் அதே ஆள்தானே? தரை துடைச்சது பொய்யில்லையே? கதவைத் திறக்கலைன்னா மனுஷியே இல்லைன்னு நீங்ககூட..."

"வாயை மூடுங்க!" என்றேன். பெரியவரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "அவ எதுக்குத் திறக்கணும்? அவ புருஷன் கையைத் தூக்கினப்போ இவன் திரும்பிப் பார்த்தானா? கடவுள் மன்னிக்கிறாரு, மன்னிக்கிறாருன்னு பெரிசா பேசறீங்களே. அவருக்கு என்ன? ரெண்டாம் பாதியை முதல்லயே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு. எவன் திருந்துவான், எவன் தரை துடைப்பான், எல்லாம் தெரியும். மன்னிக்கிறது அவருக்குச் சுலபம். முதல் பாதியோட நிக்கறவ நான்! எனக்கு யாரு காட்டினா ரெண்டாம் பாதியை?"

 பாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரோ முன்னால் வந்து புரொஜெக்டர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அவருக்குச் சுருட்டத் தெரியாது. பிடுங்கி நானே சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக் கழற்றினாள். ஒரு குதிகால் மட்டும் உயரமாக வைத்துத் தைத்த செருப்பு. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். கேளு."

"கால் என்னோடது. கோபம் மட்டும் எப்படி உங்களோடது ஆச்சு?"

"பெத்தது யாருடி?"

"நீங்கதான். இல்லைன்னு சொல்லலை. அவர் போகணும்னு நான் ஒருநாளும் சொல்லலையேம்மா. என்னை யாரும் கேக்கவே இல்லை."

  நிஜம்தான். மருத்துவரைக் கேட்டிருக்கிறேன், போலீசைக் கேட்டிருக்கிறேன், கடவுளைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கிறேன். இவளைக் கேட்டதே இல்லை.

மறுநாள் ஞாயிறு. திங்களோடு மாசம் முடிகிறது. ஆராதனை முடிந்ததும் மகளிடம், "நான் டிப்போ வரைக்கும் போயிட்டு வரேன்" என்றேன். கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மன்னிக்கப் போகவில்லை நான். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இரண்டாம் பாதி பார்க்க வேண்டியிருந்தது. அவன் என்ன ஆனான், நல்லவனாக ஆகியிருக்கிறானா, சும்மா பாசாங்கா என்று என் கண்ணால் பார்த்துவிடுவது. பார்த்துவிட்டு நான் போ என்று சொன்னால் அவன் போகட்டும். பிறர் சொல்லைக் கேட்டு முடிவு செய்கிறவள் இல்லை நான்.

டிப்போ வாசலில் ஒரு டிரைவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் வேண்டும் என்றார்.

"இங்க பஸ் கழுவறவர் ஒருத்தர்."

"அவனா? நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். "என் வீட்டுக்காரரோட தம்பி."

"அப்ப நல்லதாப் போச்சு, நீங்களாவது சொல்லுங்கம்மா. வண்டியை ரெண்டடி தள்ளி நிறுத்துடான்னா கேக்க மாட்டேங்கறான். ஸ்டியரிங்கையே தொட மாட்டானாம். வேலையை விட்டுட்டு டிரைவரைத் தேடி ஓடி வர்றான். எங்க உயிரை வாங்கறான்."

ஸ்டியரிங்கைத் தொடாவிட்டால் ஆயிற்றா என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒன்றும் மனசு இளகிவிடவில்லை.

பின்பக்கம் கழுவுகிற இடத்தில் அவனைக் கண்டேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் தண்ணீர்க் குழாய். யாரோ ஒரு கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "ஜன்னலுக்கு உள்பக்கமா துப்பி வச்சிருக்கான்யா! பார்த்துட்டு சும்மா இருந்தியா? வந்து நீ துடைய்யா!" நல்ல சத்தம். சினிமாவில் வந்தவனைப் போல அமைதியும் இல்லை, முகத்தில் ஒளியும் இல்லை. தலை வழுக்கை விழுந்து, வயிறு தள்ளி, சாதாரணமாக இருந்தான். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கண்டக்டர் நகர்ந்ததும் என்னைப் பார்த்தான். குழாயை மூடவில்லை. தண்ணீர் அவன் பூட்ஸ் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்றான். அப்புறம், "பாப்பா கால் எப்படி இருக்கு?" என்றான்.

வழியெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அவ இப்போ பாப்பா இல்லை" என்றேன். "வேலைக்குப் போறா. ஒரு கால் குட்டை. குளிர் வந்தா வலிக்கும், தூங்க மாட்டா. மாடிப்படி ஏறும்போது பின்னால யாரையும் வர விடமாட்டா. தனியா ஏறுவா. ஓட்டம்னா என்னன்னு அவளுக்கு மறந்தே போச்சு. போதுமா? இன்னும் வேணுமா?"

"சொல்லுங்க அண்ணி."

சொன்னேன். எத்தனை ஆபரேஷன், எத்தனை ராத்திரி, பள்ளிக்கூடத்தில் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், எல்லாம் சொன்னேன். அவன் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லவில்லை, காலில் விழவில்லை. நின்று கேட்டான்.

"ஏன்டா ஓடின?" என்றேன் கடைசியில். "மோதிட்டே, சரி. அவளைத் தூக்கிட்டு ஓடியிருக்கலாமே. அவ என்ன கனம் கனத்தா?"

"பயந்துட்டேன் அண்ணி."

"அவதான் மயக்கமா கிடந்தாளே. செத்துட்டாள்னு நினைச்சியா?"

அவன் அப்போதுதான் குழாயை மூடினான். "மயக்கமா இல்லை அண்ணி" என்றான். "கண் முழிச்சுத்தான் இருந்தா. 'சித்தப்பா, போகாதீங்க'ன்னு சொன்னா. நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் போனேன்."

என் மகள் எல்லோரிடமும், போலீசிடமும், கோர்ட்டிலும், என்னிடமும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். மயக்கமாக இருந்தேன், ஒன்றும் நினைவில்லை. அவ்வளவு சின்னப் பெண், சித்தப்பாவைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யை இவ்வளவு காலமும் தனியாகச் சுமந்திருக்கிறாள். 

கை ஓங்கினேன். அடித்தேனா என்றால், அடித்தேன். ஓங்கி அறைந்தேன். டிப்போவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் டிரைவர் எழுந்தே விட்டார். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. இரண்டு பக்கமும் வழி திறந்திருந்தது. அவன் ஓடவில்லை. அங்கேயே நின்றான்.

 இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் இல்லை. அவன் செய்ததில் மகா கேவலமானது எதுவோ அதையும் இப்போது கேட்டாயிற்று. அவன் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று தெரிந்தும் சொன்னான். அது என்னைப் பிடித்து நிறுத்தியது.

"நாளைக்கு ஆபீசுல என்ன சொல்லப்போற?" என்றேன்.

"நீங்க சொல்றதைச் சொல்றேன்."

"என்னைக் கேட்டா சொல்லணும்? உன் வாயால நீயே சொல்லு, இங்கயே இருக்கேன்னு."

அவன் நம்பாமல் பார்த்தான். "இருக்கட்டுமா அண்ணி?"

"இரு. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே. அது எனக்கு வருமோ வராதோ, எனக்கே தெரியாது. ஆனா நீ போனா அது வரவே வராது. அது நல்லாத் தெரியும். சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து சேரு."

"பின்னால ஓரமா உட்கார்ந்துக்கறேன்."

"ஓரமா உட்கார்ந்தா எல்லாரும் திரும்பித் திரும்பி உன்னைத்தான் பார்ப்பாங்க. படத்தை எவன் பார்ப்பான்? என் பக்கத்துல உட்காரு."

அப்போதுதான் அவன் அழுதான், பூட்ஸோடு அந்த ஈரத்தில் உட்கார்ந்து. நான் நிற்கவில்லை. அழுகிறவனைத் தேற்றுகிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

வீட்டில் மகள் கதவருகிலேயே நின்றிருந்தாள். "திட்டினீங்களா?" என்றாள்.

"அடிச்சேன்."

"அம்மா!"

"நீ சொன்னதை அவன் சொல்லிட்டான். போகாதீங்கன்னு சொன்னியாமே."

அவள் முகம் சட்டென்று சின்னப் பெண்ணின் முகமாக மாறியது.  அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னீங்க?" என்றாள்.

"போக வேண்டாம்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை படத்துக்கு வரான்."

"எங்க உட்காருவாரு?"

"என் பக்கத்துலதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கம்மா" என்றாள். "நடுவுல நான் உட்காரணும்."